மறுகால்

வெள்ளிக்கிழமை,
நாகமலைப் புதுக்கோட்டையில் வெயில் ஏறுமுன்
மூல நிரலை இறக்கியாயிற்று.
நாற்பத்தேழு எம்.பி. அவ்வளவுதான்.
மூன்று கண்மாய், ஒரு மழை,
தண்ணீர் எந்த வழியாய் எந்த வயலுக்கு என்று
கணக்குப் போட்டுக் காட்டும் மென்பொருள்.
மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று
ஒச்சம்மாவிடம் சொன்னேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அது நெட்சிடிஎஃப் கேட்டது.
நெட்சிடிஎஃப் ஹெச்டிஎஃப் கேட்டது.
ஹெச்டிஎஃப், ஸீலிப் இல்லாமல் வரமாட்டேன் என்றது.
தாய்மாமன் வராமல் பந்தியில் உட்காரமாட்டோம் என்று
வாசலிலேயே நின்றுவிட்ட
சம்பந்தி வீட்டார் மாதிரி.

சிஸ்டம் அட்மின் குலசாமி கும்பிடப் போயிருக்கிறார்.
ரூட் பாஸ்வேர்டும் அவரோடு போயிருக்கிறது.
எல்லாவற்றையும்
என் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே கட்டினேன்,
வாடகை வீட்டில்
ஆணி அடிக்காமல் காலண்டர் மாட்டுகிறவளாய்.

கன்ஃபிகர். மேக். மேக் இன்ஸ்டால்.
திரையில் எழுத்துகள் ஓடினால்
ஏதோ நடக்கிறது என்று நெஞ்சு நம்பிவிடுகிறது.
எழுபத்திரண்டு சதவீதத்தில் எரர்.
தோண்டிப் பார்த்தால்
லைப்ரரியைக் கட்டியது பழைய கம்பைலர்,
இப்போது கூப்பிடுவது புதியது.
ஒரே வயிற்றுப் பிள்ளைகள், பேச்சுவார்த்தை இல்லை.
அழித்தேன். முதலிலிருந்து.

சனிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு.
ஒன்பதிலிருந்து இரண்டு வரை கரண்ட் இராது என்று
பேப்பரில் போட்டிருந்தார்களாம்,
யார் பார்த்தது.
எண்பத்தெட்டில் நின்றது.
யு.பி.எஸ். கொஞ்ச நேரம் கத்திவிட்டு
அதுவும் படுத்துக்கொண்டது.
ரோட்டுக்கடையில் பருத்திப்பால் குடித்தோம்.
ஒச்சம்மா காலில்
முழங்கால்வரை கருவேல முள் கீறல்.
போன மாதம் முழுக்க
அளவுகோலும் ஜிபிஎஸ்ஸும் தூக்கிக்கொண்டு
வரத்துக்கால் நெடுக நடந்தவள்.
ஆயிரத்து முந்நூறு புள்ளிகள்,
ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம்.
அந்தத் தாள்கள் இன்னும்
சேற்று வாடையோடு என் மேஜையில்.

ஞாயிறு,
எட்டு கோரையும் ஒரே மூச்சில் ஓடவிட்டேன்.
மெமரி போதாமல் செத்தது.
இரண்டு கோருக்கு இறங்கி வந்தேன்.
ஃபேன் போட்ட இரைச்சலில்
சமணர்மலைப் பக்கத்து மைக்செட் கூட
காதில் விழவில்லை.

ஃபோர்ட்ரான் கோப்பொன்றில் எவரோ
தொண்ணூற்றி நாலில் எழுதி வைத்திருந்தார்:
“இந்த வரி ஏன் வேலை செய்கிறதென்று தெரியாது.
நீக்க வேண்டாம்.”
நீக்கவில்லை.
முகம் தெரியாத அந்த ஆளுக்கு ஒரு கும்பிடு.

திங்கள் இரவு பதினொன்று பத்துக்கு
கட்டி முடிந்தது.
நாற்பத்திரண்டு சோதனையில்
நாற்பத்தொன்று தேறின.
தோற்ற ஒன்று எட்டாம் தசமத்தில் தோற்றிருந்தது.
எட்டாம் தசமத்தில் ஒரு தவளை கூட நனையாது.
விட்டேன்.

மழையைப் பெய்யவிட்டேன்.
தண்ணீர் கிளம்பியது,
கலுங்குவரை வந்தது,
திரும்பி நாகமலைமேல் ஏறத் தொடங்கியது.
சாவகாசமாக, பாறை பாறையாக ஏறி
உச்சியில் குளம் கட்டி நின்றது.
நாலு நாளாய் ஒவ்வொரு லைப்ரரியையும்
பேர் சொல்லி வைதிருந்தேன்.
தப்பு என்னுடையது.
உயரத்தை ஆழமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.
ஒரே ஒரு மைனஸ்.

எடுத்துவிட்டு மறுபடி மழை.
மேல்கண்மாய் நிறைந்தது, மறுகால் பாய்ந்தது.
நடுக்கண்மாயும் நிறைந்தது.
மூன்றாவதற்குப் போக வேண்டிய தண்ணீர்
பாதி வழியில் வடக்கே ஒடித்துத் திரும்பி
சாய் ஹரிணி அவென்யூ
இரண்டாம் தெருவுக்குள் நுழைந்தது.
இன்னும் ஏதோ எரர் என்று கீபோர்டை இழுத்தேன்.
ஒச்சம்மா கையைப் பிடித்தாள்.
“எரர் இல்லக்கா. அங்கதான் போகும்.
அளக்கும்போதே பாத்தேன்,
வாய்க்கா மேல காம்பவுண்டு.”
பிறகு திரையில் விரலை வைத்து
நீலத்துக்குள் ஒரு கட்டத்தைக் காட்டினாள்.
“இது எங்க சித்தி வீடு.
போன மாசம்தான் பால் காய்ச்சுனாங்க.”